சுண்டு விரல் மை

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். கல்யாணத்துக்கு முந்தி அதைக் குறை என்றார்கள். வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு அதையே திறமை என்றார்கள். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. பாதியில் நின்றுபோன பெண்பிள்ளையைத் திரும்பக் கூட்டி வரவேண்டும் என்றால் தலைமையாசிரியர் என்னைத்தான் அனுப்புவார். நான் போனால் காரியம் நடக்கும் என்பது அவர் கணக்கு. நடக்கவும் செய்தது.

அது எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். நான் யாரிடமும் நியாயம் பேசுவதில்லை. நியாயம் பேசினால் எதிராளியும் நியாயம் பேசுவான், அதற்கு முடிவே கிடையாது. ஒரு தெருவில் நுழைந்தால், அங்கே எல்லோரும் யார் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள் என்று மட்டும் கவனிப்பேன். அந்த ஒரு ஆளைப் பிடித்துவிட்டால் போதும். மற்றவர்களிடம் போய், "எல்லாரும் சரின்னுட்டாவ, நீங்க மட்டுந்தான் பாக்கி" என்று சொன்னால் வேலை முடிந்தது. பாக்கி என்று பேர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்?

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தெரு முழுக்க பீடி சுற்றுகிற பெண்கள். கடையில் இருந்து இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டு வேலை முடிந்ததும் ஒரே முற்றத்தில் கூடி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு சுற்றுவார்கள். கை பாட்டுக்கு இலையை உருட்டும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். சாயங்காலம் கட்டுகளைக் கடையில் ஒப்படைக்க வரிசையில் நிற்பார்கள். அங்கே நாலு தெருப் பெண்களும் வருவார்கள். ஒரு சேதி காலையில் எங்கே கிளம்பினாலும் சரி, சாயங்காலம் அந்த வரிசைக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து ராத்திரிச் சோற்றோடு எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

அந்த முற்றத்துக்குச் சொந்தக்காரிதான் அந்தத் தெருவின் முகம். அவளை முற்றத்துக்காரி என்றே சொல்கிறேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். இலை வெட்டும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ஆனால் பேச்சு நடுவே அவள் 'ம்' என்று சொன்னால்தான் அந்த விஷயம் தெருவில் நிலைக்கும். மூன்று பெண்களுக்குப் பிறகு ஒரு மகன் பிறந்திருந்தான். இரண்டு வயது. தவமிருந்து பெற்ற பிள்ளை என்று தெருவே அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்தது.

அந்த வருஷம் மார்கழி பிறக்கும் முன்னால் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு எங்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டர் பேசினார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. வீடு வீடாகப் போய் வியாதியைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள், சனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். "எம் பிள்ளைக்குப் போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்." நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். என் தொழில் ரகசியத்தை இவர் சர்க்கார் செலவில் சொல்லிக்கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

முகாம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், திருநெல்வேலிக்கு ஒரு வேலையாகப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள், திசையன்விளைப் பக்கம் அவள் நாத்தனார் ஊரில், சொட்டு மருந்து குடித்த மூன்று பிள்ளைகளுக்குக் கால் விளங்காமல் போய்விட்டதாம். இடுப்புக்குக் கீழே துணி மாதிரி தொங்குகிறதாம்.

வேறு நாளாக இருந்தால் அவள் தோளைத் தட்டி, "நீங்க கண்ணால பாத்தியளா? பிள்ளையள் பேரு என்ன?" என்று கேட்டிருப்பேன். இந்த மாதிரிக் கதைகள் எப்போதும் நாத்தனார் ஊரில்தான் நடக்கும், சொல்கிறவள் தெருவில் ஒருநாளும் நடக்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை.

காரணம் உண்டு. என் முதல் பிள்ளை பதினோரு மாதத்தில் போய்விட்டான். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. ஏன் என்று இதுவரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பிறந்த மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். பகலில் என் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் மகள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். அது சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். எல்லோரிடமும் தைரியமாகப் பேசுகிற டீச்சர் வீட்டுக்குள் இப்படித்தான் இருந்தாள்.

மகளுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை. கொடுக்கலாம், கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைத் தூக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

முகாம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே, ஒன்றாம் வகுப்பு அறையில். ஒரு நர்ஸம்மா, நான், ஒரு பெஞ்சு, ஐஸ் கட்டி போட்ட பெட்டி. நர்ஸம்மா சொட்டு விடுவார். நான் பிள்ளையின் இடது கைச் சுண்டு விரலில் மை வைத்து, தாளில் ஒரு கோடு போடவேண்டும். மை வைத்த பிள்ளை மருந்து குடித்த பிள்ளை. விரலைப் பார்த்தாலே போதும், வாயைக் கேட்க வேண்டியதில்லை.

பத்து மணி ஆயிற்று. வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், போஸ்ட்மேன் பேரன் என்று ஆறேழு பேர் வந்தார்கள். பின் தெருவில் இருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் எல்லோரும் சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்ட கதை எனக்கு முன்னாலேயே பீடிக்கடை வரிசைக்கு வந்துவிட்டது என்று புரிந்தது. மதியம் ஜீப்பில் டாக்டர் வருவார், காலி பெஞ்சைப் பார்ப்பார். தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு அந்தக் கவலையும் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, என் பேர் கெட்டுவிடும் என்கிற கவலைதான்.

வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கி வந்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா முகம் கழுவ பம்பு அடிக்கப் போயிருந்தார். மருந்துக் குப்பி ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. மை பெஞ்சின் மேல் இருந்தது. நான் ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு குச்சியை மையில் தோய்த்து மகளின் சுண்டு விரல் நகத்தில் வைத்தேன். தாளில் ஒரு கோடு போட்டேன்.

நர்ஸம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து விரலைப் பார்த்தார். நானே கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். எங்களுக்கும் சொட்டு விடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். யாரும் நிமிரவில்லை. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. நான் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்துக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு, எத்தனை கட்டு ஆயிற்று என்று கேட்டேன். மகள் சுளகில் கிடந்த இலையை எடுக்கக் கையை நீட்டினாள். அந்தக் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"நீங்க குடுத்தியளா டீச்சர்?" என்று முற்றத்துக்காரி கேட்டாள்.

"குடுத்தாச்சு எக்கா. எங் கையாலதான் குடுத்தேன்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, மகளின் சுண்டு விரலைப் பிடித்து, கட்டைவிரலால் மையைத் தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை. மகள் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் நன்றாகக் கை வந்திருந்தது. அவள் 'ம்' என்று சொல்லி, மடியில் இருந்த தூளைத் தட்டிவிட்டு எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். அரை மணி நேரத்தில் பெஞ்சுக்கு முன்னால் வரிசை பள்ளிக்கூட வாசல் வரைக்கும் நின்றது. நர்ஸம்மா அசந்துபோய், என்ன மாயம் செய்தீர்கள் என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

சாயங்காலம் மகளைக் குளிப்பாட்டும்போது அந்த மையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. அந்த மருந்தில் ஒரு கோளாறும் இல்லை என்பதை இப்போது நான் சத்தியமாகச் சொல்வேன். லட்சக்கணக்கான பிள்ளைகள் அதனால்தான் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு நான் என் பிள்ளைக்குப் பயந்த ஒரு பொருளைத் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க வைத்திருந்தேன். அதை என்ன சொல்லி மறைத்தாலும் மறையாது.

திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முற்றத்துக்காரியின் கடைசி மகள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"டீச்சர், தம்பிக்குக் காய்ச்ச அடிக்கி. காலு ஊனமாட்டேங்கான்."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த இரண்டு மணி நேரம் என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது. கரும்பலகையில் எழுதியதையே எழுதி எழுதி அழித்தேன். துணி மாதிரி தொங்குகிறதாம் என்று அந்தப் பஸ்காரி சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னொரு குரலும் கேட்டது. அது என் சொந்தக் குரல். என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, நல்லவேளை, என்று அது சொன்னது. அப்படிச் சொன்னதற்காக என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

மணி அடித்ததும் முற்றத்துக்குப் போனேன். போகாமல் இருக்கலாம் என்றும் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் பீடி சுற்றவில்லை. சுளகுகள் சுவரில் சாய்ந்து நின்றன. பையன் ஓலைப்பாயில் கிடந்தான், முகம் சிவந்திருந்தது. எழுப்பி நிறுத்தினால் வலது காலைத் தரையில் வைக்காமல் மடக்கிக்கொண்டு அலறினான். சுற்றி நின்ற பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். ஆனால் ஒருத்தியும் "வாங்க டீச்சர்" என்று சொல்லவில்லை.

ஒரு ஆண் குரல் பின்னாலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரர். "மருந்து குடுத்து மூணு நாளு ஆவல. யாரு இதுக்குப் பதில் சொல்லுதது?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் முற்றத்துக்காரி பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சும்மா இருங்க அண்ணாச்சி. டீச்சர் பிள்ளையும் அதே மருந்ததான் குடிச்சிருக்கு. மருந்துல கோளாறுன்னா ரெண்டு பிள்ளைக்கும்லா வரணும்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டாள்.

தூக்கி வந்தேன். முற்றத்தில் இறக்கி விட்டேன். அங்கே ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. என் மகள் ஒரே சந்தோஷமாக அதை விரட்டிக்கொண்டு முற்றம் முழுக்க ஓடினாள். இருபது முப்பது பேர் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த முகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. பக்கத்து வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பம் சாதாக் காய்ச்சதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கால்கள் எதற்கும் சாட்சி இல்லை என்பது அந்த முற்றத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் பயந்தது அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உடனே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்று முற்றத்துக்காரியிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றாள். சுக்குக் கசாயம் வைத்திருக்கிறாள், வேப்பிலைப் பற்றுப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் பார்க்கலாம் என்றாள். காய்ச்சலில் கால் உளைச்சல் எடுப்பது வழக்கம்தானே. "மருந்தால வந்திருக்குமோன்னுதான் டீச்சர் கொல பதறிப் போச்சு. உங்க பிள்ளைய பாத்த பொறவு மனசு ஆறிட்டு."

என் ஆயுதம் என் மேலேயே திரும்பி விழுந்தது. நான் சொன்ன பொய்யை நம்பித்தான் அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாள். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் என்ன ஆகும் என்றும் தெரியும். நான் மன்றாடிப் பார்த்தேன். எவ்வளவு மன்றாடுகிறேனோ அவ்வளவுக்கு அவள் கண்ணில் சந்தேகம் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதென்றால் இந்த டீச்சர் ஏன் இப்படிக் கிடந்து துடிக்கிறாள்? எந்தக் காலத்திலும் என் பேச்சு அவ்வளவு உபயோகமில்லாமல் போனதில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் பிள்ளை குடிக்கவில்லை எக்கா, மை மட்டும்தான் வைத்தேன் என்று. பத்து வார்த்தைகூட இல்லை. வாய் வரைக்கும் வந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன், முழுங்கிவிட்டேன். அந்த முற்றத்தில் என்னை என்ன செய்வார்கள் என்று பயம். வேலை போகும் என்று பயம். தெருவில் இனி ஒரு பிள்ளையும் மருந்து குடிக்காது என்று ஒரு நல்ல காரணத்தையும் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டேன். பயந்தவளுக்கு நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் செய்தேன். இன்னொரு பொய் சொன்னேன். என் மகளுக்கும் முந்தின ராத்திரி உடம்பு சுட்டது, ஓடுகிறாள் என்று விட்டுவிட முடியுமா, நான் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்றேன். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் நிஜம்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் மடியில் பையன் முனகிக்கொண்டே வந்தான். என் மடியில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். வயலெல்லாம் பிசானப் பருவத்து நெல் நாற்று பச்சையாக நின்றது. பையனின் தலை என் கையில் உரசும்போதெல்லாம் அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. இந்தப் பிள்ளை பிழைத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டர். நான் முந்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து கொடுத்தோம் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. பையனைப் படுக்கப் போட்டு, இடுப்பை அமுக்கினார், முழங்காலை மடக்கினார். தொடை இடுக்கில் விரல் வைத்ததும் அவன் வீறிட்டான். "நெறி கட்டியிருக்கு" என்றார். பாதத்தைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தார். குதிகாலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. சுற்றிலும் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

உடைமரத்து முள். ஒரு விரல்கடை நீளம் இருக்கும், உள்ளே ஒடிந்து கிடந்தது. கீறி எடுத்தார்கள். காலையில் இருந்து ஒரு தெருவே கூடி நின்று அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்திருக்கிறது. ஒருத்தர்கூட உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சொட்டு மருந்து, சொட்டு மருந்து என்று எல்லோர் புத்தியும் அதிலேயே நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் சீழ் கலந்திருக்கும் என்று டாக்டர் அவளைக் கண்டித்தார். அவள் அவரைக் கும்பிட்டாள். பிறகு அவர் என் மகள் பக்கம் திரும்பி, இதற்கு என்ன என்றார். காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒன்றும் இல்லையே என்றார். முற்றத்துக்காரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பையன் பிழைத்தான். ஒரு வாரத்தில் நொண்டி நொண்டி நடந்தான், அடுத்த வாரம் ஓடினான். சாமிக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தெருவில் என் பேர் இன்னும் உயர்ந்துவிட்டது. டீச்சர் கூட்டிப் போகாவிட்டால் பிள்ளை இருக்காது என்று பீடிக்கடை வரிசையில் பேசிக்கொண்டார்களாம். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் கூடியது. எந்த நிமிஷமும் யாராவது நர்ஸம்மாவிடம், டீச்சர் சொட்டு விட்டதைப் பார்த்தீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டால் போதும். தெருவில் ரெண்டு பேர் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தெருவில் போலியோ வரக்கூடிய பிள்ளை என்று ஒன்று பாக்கி இருந்தால் அது என் பிள்ளைதான்.

தை பிறந்து இரண்டாவது தவணை வந்தது. அன்றைக்கு நான் யாரையும் கூப்பிடப் போகவேண்டியிருக்கவில்லை. எட்டு மணிக்கே முழுத் தெருவும் வந்து நின்றது. முன்னால் முற்றத்துக்காரி, மகனைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு. என் அம்மா மகளைத் தூக்கி வந்திருந்தாள். இந்த முறை கட்டாயம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், ஆனால் எல்லோரும் போன பிறகு, தனியாக.

வரிசையில் இருந்து யாரோ சொன்னார்கள், டீச்சர் பிள்ளைக்கு முதலில் கொடுக்கட்டும், அந்தக் கை ராசியான கை என்று. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே குப்பியை என் கையில் கொடுத்தார்.

அந்தக் குப்பி சில்லென்று இருந்தது. மகளை அம்மா பிடித்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் தெரியும். முள்தான் காரணம் என்று கண்ணால் பார்த்தவள் நான். இந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் குடித்துவிட்டு நன்றாக இருப்பதைத் தினமும் பார்க்கிறவள். இருந்தும் மூத்தவன் முகம் வந்தது. மற்றவர்கள் எல்லாம் போன முறை இந்தப் பயத்தை விழுங்கிக்கொண்டுதான் என்னை நம்பிப் பிள்ளையின் வாயைத் திறந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் சொட்டு மகளின் தாடையில் விழுந்தது. அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அம்மா கன்னத்தை அழுத்தினாள், வாய் திறந்தது, இரண்டு சொட்டு விட்டேன். அவள் முகம் கோணி, தலையை உதறி, என்னமோ அநியாயம் நடந்த மாதிரி அழுதாள்.

அடுத்தது முற்றத்துக்காரியின் மகன். குப்பியைக் கண்டதும் அவன் அம்மா சொல்லாமலேயே அண்ணாந்து வாயைத் திறந்தான். குடித்துப் பழகிய பிள்ளை. அதற்கடுத்த பிள்ளையும் அப்படித்தான் திறந்தது. வரிசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருத்தி கவனித்தாள். அழுதுகொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள், தன் மகனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் கண்ணைத் தாழ்த்திவிட்டேன்.

மகனின் சுண்டு விரலை என்னிடம் நீட்டினாள். நான் குச்சியை எடுத்தேன். அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"பிள்ளைக்குக் காய்ச்ச கண்ட அன்னைக்கு, உங்க பிள்ளை ரெண்டு காலையுந்தான் டீச்சர் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

மை வைத்து முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு, பின்னால் நின்றவளிடம் "ஏட்டி, நீ போ, பயப்படாத, நல்ல மருந்துதான்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.